பிடித்துக் கொண்டுபோய் விட்டால் யானை விட்ட இடத்திலேயே இருந்துவிடுமா?

வந்த கேள்வி இது: "எங்கள் ஊர்ப்பக்கம் ஓர் ஒற்றை யானை மாதக்கணக்காகத் தோட்டத்துக்குள் வந்துகொண்டே இருக்கிறது. கும்கியை வைத்துப் பிடித்து, ஆள் நடமாட்டமில்லாத அடர்ந்த காட்டில் விட்டால் தீர்ந்துபோகிற விஷயத்தை வனத்துறை ஏன் இழுத்தடிக்கிறது? கழுத்தில் காலர் மாட்டி நடமாட்டத்தை ஆராய்கிறோம் என்கிறார்களே, அதனால் வாழை போட்டவனுக்கு என்ன லாபம்?"

இரண்டாவது பாதியிலிருந்து தொடங்குகிறேன். முதல் பாதிக்கான பதிலே அந்தக் காலர்களிலிருந்துதான் கிடைத்தது.

இலங்கையில் யானை ஆய்வாளர் பிரித்திவிராஜ் பெர்னாண்டோவின் குழு, தொல்லை தருகிறது என்று பிடிக்கப்பட்டு வேறு இடத்தில் விடப்பட்ட 12 ஆண் யானைகளுக்கு ஜிபிஎஸ் காலர் மாட்டிப் பின்தொடர்ந்தது. சில யானைகளை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பிடிக்க வேண்டியிருந்ததால் மொத்தம் 16 இடமாற்றங்கள். முடிவுகள் 2012-இல் வெளிவந்தன. எல்லா யானைகளும் தேசியப் பூங்காக்களுக்குள் விடப்பட்டவை. இரண்டு அந்தப் பூங்காக்களுக்குள்ளேயே கொல்லப்பட்டன. மற்ற அத்தனையும் பூங்காவை விட்டு வெளியேறிவிட்டன. சில, பிடிக்கப்பட்ட பழைய இடத்துக்கே திரும்பின. சில, நிலைகொள்ளாமல் வெகுதூரம் அலைந்தன. சில, புதிதாக ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு தங்கின; அந்த இடமும் பூங்காவுக்கு வெளியேதான். இடமாற்றத்தால் மோதல் புதிய ஊர்களுக்கும் பரவி முன்னைவிடக் கடுமையானது, யானைகளின் சாவும் கூடியது என்பது அவர்கள் கண்ட முடிவு. மனிதருக்கும் பயனில்லை, யானைக்கும் பயனில்லை என்று அவ்வளவு வெளிப்படையாக ஆய்வுக் கட்டுரைகளில் எழுதுவது அபூர்வம்.

அது இலங்கை, நம் காடு வேறு என்று தோன்றலாம். நம் ஊர்க் கணக்கையும் பார்த்துவிடுவோம்.

2019 ஜனவரி கடைசியில் கோவை தடாகம் பகுதியில் பிடிக்கப்பட்ட சின்னத்தம்பி என்ற யானை, டாப்ஸ்லிப் அருகே வரகளியாறு காட்டில் விடப்பட்டது. சில நாட்களிலேயே மலையிறங்கி, உடுமலைப்பேட்டையைத் தாண்டிக் கிருஷ்ணாபுரம் சர்க்கரை ஆலைப் பக்கம் வந்து கரும்புக்குள் நின்றது. பிப்ரவரி நடுவில் மறுபடி பிடித்து வரகளியாறு கராலில் (மரக்கூண்டில்) அடைத்தார்கள். காட்டு யானையாக அதன் வாழ்க்கை அத்தோடு முடிந்தது. 2021 ஆகஸ்டில் மசினகுடிப் பக்கத்து ரிவால்டோ என்ற யானையை முதுமலையின் உட்பகுதியில் கொண்டுபோய் விட்டார்கள். ஓரிரு நாளில் வாழைத்தோட்டம் பக்கம் திரும்பி வந்துவிட்டது. அதற்குப் பிறகு அதை அங்கேயே இருக்கவிட்டுக் கண்காணித்தார்கள். புத்திசாலித்தனமான முடிவு என்பேன். 2022 டிசம்பரில் பந்தலூர் பக்கம் பிடித்த ஒரு மக்னாவை (தந்தமில்லாத ஆண் யானையை) முதுமலையில் விட, அது அடுத்த மாதமே கேரள எல்லை தாண்டி சுல்தான் பத்தேரி நகருக்குள் போய் நின்றது. 2023 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் பிடித்த இன்னொரு மக்னாவை ஆனைமலையில் விட்டார்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் பொள்ளாச்சி வழியாக நடந்து கோவை மாநகரின் குடியிருப்புகளுக்குள்ளேயே வந்துவிட்டது. அங்கே பிடித்து மறுபடி ஆனைமலை. மறுபடி இறங்கிச் சரளபதி பக்கம் தோப்புகளுக்குள் வந்தது. ஜூலை கடைசியில் மூன்றாவது தடவையாக மயக்க ஊசி.

இந்த யானைகளுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். எல்லாம் தெரிந்த இடத்திலிருந்து தூக்கி, எதுவுமே தெரியாத இடத்தில் இறக்கிவிட்டால் எந்த விலங்கும் செய்வதைத்தான் அவை செய்தன.

ஒரு யானைக்கு எவ்வளவு இடம் தேவை என்பதை நாம் வெகுகாலம் குறைத்தே மதிப்பிட்டு வந்தோம். 1990-களின் தொடக்கத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர்கள் நீலகிரி வட்டாரத்தில் யானைகளுக்கு ரேடியோ காலர் மாட்டினார்கள். அன்று ஜிபிஎஸ் கிடையாது. ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு குன்றுமேல் ஏறி, 'பீப்' சத்தம் எந்தத் திசையில் பலமாகக் கேட்கிறது என்று காது கொடுத்துப் பார்த்து, வேறொரு குன்றுக்குப் போய் அதையே திரும்பச் செய்து, இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் யானை இருக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். நாள் முழுக்க உழைத்தால் சில புள்ளிகள் தேறும். அந்த உழைப்பில் தெரிந்தது, அங்கே ஒரு யானைக்கூட்டம் நடமாடும் வட்டம் 500 சதுர கிலோமீட்டருக்கும் மேல் என்பது. முதுமலை காப்பகத்தின் மையப் பகுதியே 321 சதுர கிலோமீட்டர்தான். அதாவது ஒரே ஒரு கூட்டத்தைக்கூட அதன் எல்லைக்குள் 'வைத்திருக்க' முடியாது. காப்பகத்தின் எல்லைக்கல் நமக்காக நட்டது, யானையின் ஆண்டுக் கணக்கில் அது வருவதே இல்லை.

அந்த வட்டத்துக்குள் எந்த ஓடையில் கோடையிலும் தண்ணீர் நிற்கும், எந்தச் சரிவில் மழைக்குப் பின் புல் முதலில் முளைக்கும், எந்த மூங்கில் புதரில் படுக்கலாம், எந்தத் தோட்டத்துக்காரர் வெடி போடுவார், எவர் தகரம் மட்டும் தட்டுவார் என்பதெல்லாம் யானைக்குத் தெரியும். பெட்டைகளுக்குக் கூட்டத்தின் மூத்த தாயிடமிருந்தும், கொம்பன்களுக்கு மூத்த கொம்பன்களிடமிருந்தும் வந்த அறிவு. லாரியில் ஏற்றும்போது இந்த அறிவில் பாதி பயனற்றதாகிவிடுகிறது. மிஞ்சும் பாதி எது தெரியுமா? மின்வேலியைத் தந்தத்தால் சாய்ப்பது, கதவை முட்டி அரிசி மூட்டையை எடுப்பது, பட்டாசுக்கு மசியாமல் நிற்பது. இதுவரை யானையே பார்க்காத ஒரு கிராமத்துக்கு இத்தனையும் கற்ற ஒரு யானையை நாமே செலவழித்துக் கொண்டுபோய் இறக்குகிறோம்.

அடுத்தது, 'அடர்ந்த காடு' என்ற நம் கற்பனை. வானுயர்ந்த மரங்கள் மூடிய பழைய காட்டில் யானைக்குத் தீனி குறைவு; இலையெல்லாம் உயரத்தில் இருக்கும், தரையில் நிழலும் சருகும்தான். புல், மூங்கில், இளந்தளிர், புதர் எல்லாம் வெளிச்சம் விழும் ஓரங்களில், ஒரு காலத்தில் வெட்டப்பட்டு மறுபடி முளைத்த இடங்களில்தான் செழிக்கும். மலேசியத் தீபகற்பத்திலும் போர்னியோவிலும் 102 யானைகளின் காலர்ப் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2022-இல் வந்தது. யானைகள் விரும்பித் தங்கியது பாதுகாக்கப்பட்ட காடுகளின் விளிம்புகளிலும் அவற்றை ஒட்டிய வெளிப்பகுதிகளிலும்தான். இலங்கையில் நிலைமை இன்னும் வெளிப்படை: நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 60 சதவீதத்தில் யானை உண்டு, அந்தப் பரப்பில் ஏறக்குறைய 70 சதவீதத்தில் மக்களும் குடியிருக்கிறார்கள். வவுனியா, முல்லைத்தீவு, மட்டக்களப்பு விவசாயிகளுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆக, யானையைக் 'காட்டுக்கே திருப்பி அனுப்பு' என்று சொல்லும்போது, அது ஒருபோதும் விரும்பித் தங்காத ஓர் இடத்துக்குப் போகச் சொல்கிறோம்.

தோட்டத்துக்கு ஏன் ஒற்றை யானையே வருகிறது என்பதும் பழைய கேள்வி. 1980-களில் யானை ஆய்வாளர் ராமன் சுகுமார் சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலைப் பக்கம் ஆய்வு செய்தபோதே, பயிர் மேய்வதில் வளர்ந்த கொம்பன்கள் பெட்டைகளைவிடப் பல மடங்கு முந்தி நிற்பதைக் காட்டினார். ராகியும் நெல்லும் கரும்பும் காட்டுப் புல்லைவிடச் சத்தானவை. உடம்பு பெருத்தால் மதமும் வலுவாக வரும், பெட்டைகளிடம் மதிப்பும் கூடும். குட்டியை இழுத்துக்கொண்டு திரியும் தாய் எடுக்கத் தயங்கும் துணிச்சலைக் கொம்பன் எடுக்கிறது. 2019-இல் நிஷாந்த் சீனிவாசையாவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட வேலை இதற்கு ஒரு புதிய பக்கத்தைச் சேர்த்தது. தென்னிந்தியாவில் 248 ஆண் யானைகளைப் புகைப்படங்களால் அடையாளம் கண்டு பார்த்தபோது, காடு தொடர்ச்சியாக இருக்கும் இடங்களில் தனியாகவோ கூட்டங்களோடு ஒட்டியோ திரியும் இளம் ஆண்கள், விளைநிலங்கள் சூழ்ந்த பகுதிகளில் ஆண்களாகவே சேர்ந்து நிலையான குழுக்களாக வாழ்வதைக் கண்டார்கள். ஆபத்து மிகுந்த, ஆனால் தீனி மிகுந்த இடத்தில் பிழைக்க அவை கண்டுபிடித்த வழி அது. ஓசூர்ப் பக்கம் ஏரிக்கரையில் நாலைந்து கொம்பன்கள் ஒன்றாக நிற்பதைப் பார்த்து ஊரே வியந்ததன் பின்னணி இதுதான். இப்படி ஒரு குழுவிலிருந்து மூத்ததைப் பிடித்துவிட்டால் இளசுகள் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். அடக்குவதற்கு ஆளில்லாத இளம் கொம்பன்களைப் பற்றி ஆப்பிரிக்காவில் கசப்பான அனுபவங்கள் இருக்கின்றன.

விலங்குகள் மனிதரோடு சமாளிக்கும் இன்னொரு வழி நேரத்தை மாற்றிக்கொள்வது. 2018-இல் ஒரே ஆண்டில் வந்த இரண்டு உலகளாவிய ஆய்வுகளை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்று, ஆறு கண்டங்களில் 62 பாலூட்டி இனங்களைப் பற்றிய தரவுகளைத் திரட்டி, மனிதத் தொந்தரவு உள்ள இடங்களில் அவை இரவு நடமாட்டத்தைச் சராசரியாக 1.36 மடங்காகக் கூட்டிக்கொண்டதைக் காட்டியது. மற்றொன்று, 57 இனங்களைச் சேர்ந்த 803 விலங்குகளின் ஜிபிஎஸ் பதிவுகளை வைத்து, மனிதத் தடம் அதிகமான நிலப்பகுதிகளில் அவை நடக்கும் தூரம் பாதியாக, சில நேரம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குவதைக் காட்டியது. சுருங்குவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். வேலியும் சாலையும் தடுப்பதால் போக முடியாமல் இருக்கலாம். தீனி பக்கத்திலேயே கிடைப்பதால் போகத் தேவையில்லாமலும் இருக்கலாம். வாழைத்தோட்டத்துக்குப் பக்கத்துப் புதரில் பகலெல்லாம் படுத்திருந்து இரவில் மட்டும் நூறு அடி நடக்கிற யானை இரண்டாவது வகை. அதைத் துரத்துவதால் என்ன ஆகும்? நாளைக்கு இன்னும் தாமதமாக வரும், அவ்வளவுதான்.

இனி காலர் விஷயம். அகலமான ஒரு பட்டை, அதில் பேட்டரி, ஜிபிஎஸ் பெட்டி, செயற்கைக்கோள் வழியாகவோ செல்பேசிக் கோபுரம் வழியாகவோ இருப்பிடத்தை அனுப்பும் கருவி. மாட்டுவதற்கு மயக்க ஊசி போட வேண்டும், கும்கிகள் பக்கத்தில் நிற்க வேண்டும், யானை சரிந்து விழாமல் நின்ற நிலையிலேயே மயங்க வேண்டும். மருந்தின் அளவு தவறினால் உயிரே போகும். மாட்டியபின் அது ஒரு மணி நேரத்துக்கோ நான்கு மணி நேரத்துக்கோ ஒரு முறை புள்ளியை அனுப்பும். இடைவெளியைக் குறைத்தால் பேட்டரி சீக்கிரம் தீரும். பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காது. "காலர் போட்டாச்சு, இனி எங்கே வந்தாலும் தெரிந்துவிடும்" என்று மேடையில் பேசுவதற்கும் நிஜத்துக்கும் நடுவில் இத்தனை இருக்கிறது.

ஆய்வின் பக்கமும் ஒரு குறை உண்டு, இதைத் துறைக்குள் இருப்பவர்கள் சத்தமாகப் பேசுவதில்லை. நம் நாட்டில் காலர் பெரும்பாலும் சண்டைக்கார யானைகளுக்குத்தான் கிடைக்கிறது. சாதுவாகக் காட்டோரம் மேய்ந்துவிட்டுப் போகும் யானைக்குக் காலர் மாட்ட யாரும் அனுமதி தருவதில்லை. அதனால் நம்மிடம் உள்ள பதிவுகள் ஊரின் மிக முரட்டுப் பிள்ளைகளை மட்டும் பேட்டி கண்டு எழுதிய அறிக்கை மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. முடிவுகளைப் படிக்கும்போது அதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

காலர் இருந்தும் என்ன நடக்கும் என்பதற்கு அரிக்கொம்பனைவிடப் பெரிய பாடம் இல்லை. இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் ரேஷன் கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்றதால் அந்தப் பெயர். 2023 ஏப்ரல் 29 அன்று பிடித்து, காலர் மாட்டி, பெரியார் புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். அங்கிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் மேகமலைக்கு வந்தது. மே 27 காலையில் கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. அதில் காயப்பட்ட ஒருவர் பிறகு இறந்துபோனார். யானை எங்கே இருக்கிறது என்பது அத்தனை நாளும் அதிகாரிகளுக்குத் தெரியும். கம்பத்தில் காலை நேரத்தில் தெருவில் நின்றவர்களுக்குத் தெரியாது. ஜூன் 5-இல் மறுபடி பிடித்து, களக்காடு முண்டந்துறையில் மேல் கோதையாறு பக்கம் விட்டார்கள். செப்டம்பரில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்களுக்குள் வந்துபோனது, பிறகு அந்த மலையிலேயே நடமாடியது. இதை இடமாற்றத்தின் வெற்றி என்று காட்டுபவர்கள் உண்டு. ஒரு நகரத்தைக் கலக்கி, ஓர் உயிரை வாங்கி, இரண்டு மாநில வனத்துறைகளையும் நீதிமன்றங்களையும் மாதக்கணக்கில் அலைக்கழித்த பிறகு கிடைத்த வெற்றி.

சரி, யானையை எடுத்துவிட்ட இடமாவது நிம்மதியாக இருக்குமா? கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் ஆலூர்ப் பக்கம் ஒன்றிரண்டைப் பிடிப்பதற்குப் பதிலாக அங்கே இருந்தவற்றை மொத்தமாகவே அகற்றிப் பார்த்தார்கள். 2012-இல் கர்நாடக யானைகள் செயற்குழு தந்த அறிக்கையைத் தொடர்ந்து அடுத்த இரண்டு ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட யானைகள் பிடிக்கப்பட்டன. காப்பித் தோட்டமும் நெல் வயலும் தண்ணீரும் அப்படியேதான் இருந்தன. கொஞ்ச காலத்தில் வேறு யானைகள் வந்து அந்த இடத்தை நிரப்பிவிட்டன. ஹாசனில் மோதல் இன்றும் தீரவில்லை. உங்கள் ஊரில் வரும் ஒற்றை யானையைப் பிடித்தாலும், அது வந்த காரணம் உங்கள் ஊரிலேயே இருக்கிற வரைக்கும் அடுத்தது எப்போது வரும் என்பது மட்டும்தான் கேள்வி.

ஆராய்ச்சியால் என்ன லாபம் என்று கேட்டீர்களே, அதற்கு வால்பாறையைக் காட்டுவேன்.

ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர் பீடபூமி. நூறாண்டுக்கு முன் மழைக்காட்டை வெட்டித் தேயிலையும் காப்பியும் போட்டார்கள். சுற்றிலும் ஆனைமலை, பரம்பிக்குளம், வாழச்சால் காடுகள். நடுவில் தேயிலை, ஆங்காங்கே துண்டு துண்டாகச் சோலைகள், ஆற்றோரம் கொஞ்சம் மரங்கள், எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பின் ஆனந்தகுமார் 2002 வாக்கில் அங்கே யானைகளைப் பின்தொடரத் தொடங்கினார். பெரும்பாலும் நேரடியாகப் பார்த்தும் தடம் பார்த்தும் செய்த வேலை. நாள்தோறும் கூட்டங்கள் எங்கே இருந்தன, எந்த நேரத்தில் எதைக் கடந்தன என்று ஆண்டுக்கணக்கில் குறித்தார்கள். பகலில் யானைகள் சோலைத் துண்டுகளிலும் ஆற்றோரத் தாவரங்களிலும் ஒதுங்கியிருக்கும். இரவில்தான் தேயிலைக்குள் இறங்கி அடுத்த துண்டுக்குப் போகும். தேயிலையை அவை தின்பதில்லை, அது கடந்து போகிற வெளி மட்டுமே. எனவே அந்தப் பத்து இருபது ஏக்கர் சோலைத் துண்டுகளையும் ஆற்றங்கரை மரங்களையும் வெட்டினால் யானை வராமல் போகாது, பகலிலும் லைன் வீட்டுப் பக்கம் நிற்கத் தொடங்கும்.

எப்படி ஆட்கள் இறந்தார்கள் என்று ஒவ்வொரு மரணத்தையும் எடுத்துப் பார்த்ததுதான் அந்த ஆய்வின் உயிர்நாடி என்று நினைக்கிறேன். யானை வீடு தேடி வந்து கொன்றதாக நாம் நினைப்போம். இறந்தவர்களில் பெரும்பாலோர் அங்கே யானை நிற்பதே தெரியாமல் அதன்மேல் போய் மோதியவர்கள். வால்பாறையில் பனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் தெரியாது. சாயங்காலம் பஸ் இறங்கி, தேயிலைக்கு நடுவே குறுக்குவழியில் லைனுக்கு நடந்து வரும் தொழிலாளிக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரே ஒரு செய்தி: இன்று அந்தப் பாதையில் போகாதே.

அதைத்தான் கொடுத்தார்கள். முதலில் உள்ளூர் கேபிள் டிவியில் யானை எந்த எஸ்டேட்டில் எந்த எண் தோட்டத்தில் நிற்கிறது என்று கீழே ஓடும் வரிகள். 2011 முதல் செல்பேசிக்குத் தமிழில் குறுஞ்செய்தி, பிறகு குரல் அழைப்பு. முக்கியமான திருப்பங்களிலும் பஸ் நிறுத்தங்களிலும் தூரத்திலிருந்தே தெரியும்படி சிவப்பு விளக்குகள்; அக்கம்பக்கத்தில் யானை இருந்தால் செல்பேசியில் ஓர் அழைப்பு கொடுத்து எரியவிடலாம். அந்த விளக்கை எரிய வைப்பவர்கள் ஆய்வாளர்கள் மட்டுமல்லர், அந்தந்த ஊர்க்காரர்களும்தான். ஆண்டுக்குச் சராசரி மூன்று என்றிருந்த உயிரிழப்பு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. இந்த வேலைக்காக ஆனந்தகுமாருக்கு 2015-இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. பிரச்சினை தீர்ந்துவிட்டதாக வால்பாறையில் யாரும் சொல்ல மாட்டார்கள். மரணங்கள் முழுவதும் நின்றுவிடவில்லை. ஆனால் ஒரு யானையையும் லாரியில் ஏற்றாமல் அடைந்த பலன் இது. கட்டடச் சேதத்தையும் அவர்கள் விடவில்லை. சேதமான இடங்களின் பட்டியலில் ரேஷன் கடையும் சத்துணவுக் கூடமும் திரும்பத் திரும்ப வந்தன. அரிசி மூட்டையை இரவில் அடுக்கிவைக்கும் கட்டடம் எது என்பது யானைக்குத் தெரிந்துபோகிறது. அரிசியை வேறு மாதிரி வைத்தால், வண்டியில் கொண்டுவந்து விநியோகித்தால், சுவரும் தப்பும்.

வேலி விஷயத்திலும் இதே மாதிரி ஒரு பாடம் இலங்கையிலிருந்து இருக்கிறது. பல பத்தாண்டுகளாக அங்கே மின்வேலியைப் பூங்காவின் எல்லையில் போட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கமும் காடு, யானை. இந்தப் பக்கமும் காடு, யானை. காலர்ப் பதிவுகளைப் பார்த்தபோது அது யாரையும் எதிலிருந்தும் பிரிக்கவில்லை என்பது தெரிந்தது. பூங்காவுக்குள் விரட்டி அடைத்த கூட்டங்கள் தீனியில்லாமல் மெலிந்து எலும்பும் தோலுமானதும் நடந்தது. பெர்னாண்டோவின் குழு வேலியை எதிர்ப்பக்கம் திருப்பிப் போடச் சொன்னது: ஊரைச் சுற்றி நிரந்தர வேலி, வயலைச் சுற்றி விதைத்த நாள் முதல் அறுவடை வரை மட்டும் ஒரு தற்காலிக வேலி. அறுவடை முடிந்ததும் விவசாயிகளே கழற்றிவிடுவார்கள். யானைகள் வந்து அடித்தாளை மேய்ந்துகொள்ளும். யார் வயலோ அவர்களே வேலியின் காவலும் செலவும். அரசு வேலியில் செடி படர்ந்து மின்சாரம் நிலத்தில் இறங்கிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு, பராமரிப்பு யார் கையில் என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்று புரியும். இவ்வளவு தெரிந்தும் இலங்கையில் ஆண்டுக்கு ஏறக்குறைய நானூறு யானைகள் சாகின்றன என்றால், தெரிந்ததை நாடு முழுக்கச் செய்யவில்லை என்றுதான் பொருள்.

வழித்தடங்களைப் பற்றிக் கேட்காவிட்டாலும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2023-இல் ஒன்றிய அரசின் அறிக்கை 15 மாநிலங்களில் 150 யானை வழித்தடங்களைப் பட்டியலிட்டது. நீலகிரியின் சீகூர் பீடபூமி வழித்தடத்தில் இருந்த விடுதிகள் பற்றிய வழக்கில் 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் வழித்தடத்தின் பக்கம் நின்றது. இரண்டு காடுகளை இணைக்கும் குறுகலான கழுத்துப் பகுதிகளைக் காப்பாற்றியே ஆக வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் கூடலூர் மாதிரி இடங்களில் யானை ஒரு கோட்டில் போவதில்லை. தேயிலை, காப்பி, வீடு, புதர் எல்லாம் கலந்த அந்த நிலம் முழுவதிலும் வாழ்கிறது. 2024-இல் தமிழ்நாடு வனத்துறை 42 வழித்தடங்களைக் குறித்து ஒரு வரைவை வெளியிட்டபோது அங்கே எழுந்த எதிர்ப்பில் பாதி இதனால் வந்தது. வரைபடத்தில் பட்டை போட்டால், உள்ளே இருப்பவர் தன் வீடு போய்விடும் என்று பயப்படுகிறார். வெளியே இருப்பவர் தன் பக்கம் யானை வராது என்று நம்புகிறார். இரண்டும் நடக்கப்போவதில்லை.

ரயிலுக்கு மட்டும் வேறு கணக்கு, ஏனென்றால் அங்கே கொல்லும் இடம் சில கிலோமீட்டருக்குள் அடங்கியது. மதுக்கரை–வாளையார் பாதையில் 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே மோதலில் மூன்று யானைகள் செத்தன. அதன் பிறகு தண்டவாளத்துக்கு அடியில் கடவுப் பாதைகள் அமைத்தார்கள். 2024 பிப்ரவரி முதல் கோபுரங்களில் வெப்பக் கேமராக்கள் வைத்து, யானை நெருங்கினால் ஓட்டுநருக்குத் தகவல் போகும்படி செய்திருக்கிறார்கள். எங்கே, எந்த நேரத்தில் கடக்கின்றன என்ற பழைய பதிவுகள் கையில் இருந்ததால்தான் கேமராவை எங்கே நிறுத்துவது என்று முடிவெடுக்க முடிந்தது.

பிடிக்கவே கூடாதா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். ஆளைத் தேடித் துரத்தித் தொடர்ந்து கொல்கிற யானை உண்டு, அபூர்வமாக. அதைப் பிடித்தே ஆக வேண்டும். பிடித்தால் முகாமில்தான் வைக்க வேண்டும், இன்னொரு ஊரின் காட்டில் விடக்கூடாது. வாழை தின்பதும் வேலி சாய்ப்பதும் அந்தக் கணக்கில் வராது. பயிர்ச் சேதத்துக்கு வரும் இழப்பீடு தாமதமாகவும் குறைவாகவும் வருவதுதான் 'பிடி, கொண்டுபோ' என்ற குரலைப் பெரிதாக்குகிறது என்பது என் கணிப்பு. பணம் ஒழுங்காக வந்தால் பாதிக் கோபம் அடங்கிவிடும்.

உங்கள் ஊருக்கு என்ன செய்யலாம்? முதலில், வீட்டு மின் இணைப்பிலிருந்து நேராக வேலிக்குக் கம்பி இழுப்பவர் யாராவது இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி பக்கம் அப்படிப்பட்ட ஒரு கம்பியில் மூன்று பெரிய யானைகள் செத்து, இரண்டு குட்டிகள் அனாதையாக நின்றன. அந்தக் கம்பியில் அடுத்து சிக்குவது இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதராகவும் இருக்கலாம். துடிப்பு மின்சாரம் தரும் முறையான சூரிய மின்வேலியை நாலைந்து தோட்டக்காரர்கள் சேர்ந்து போட்டு, செடி வெட்டும் முறையைப் பங்கு பிரித்துக்கொள்ளுங்கள். வெட்டிய வாழைத்தாரையும் அரிசி, தவிடு, மாட்டுத் தீவனத்தையும் வீட்டின் காட்டுப் பக்கச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். சாராய ஊறலும் அதே ரகம்தான், அது உங்கள் ஊரில் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். வேட்டைத்தடுப்புக் காவலர், வனவர் ஆகியோருடன் ஊர்க்காரர்கள் சேர்ந்த ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கட்டும். அதில் வீடியோவும் வீரப் பேச்சும் வேண்டாம், இடமும் நேரமும் போதும். செல்பேசி இல்லாத கூலித்தொழிலாளிகள்தான் முதல் பஸ்ஸுக்கு விடியற்காலையில் நடந்து போகிறவர்கள், அவர்களுக்குத் தகவல் சொல்லும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

கூடவே, ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, நேரம், எந்தத் தோட்டம், எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்தப் பக்கம் போனது, எத்தனை யானை, கொம்பனா மக்னாவா பெட்டையா, என்ன தின்றது. இரண்டு அறுவடைக் காலத்துக்கு விடாமல் எழுதினால் பகலில் அது ஒதுங்கும் புதர் எது, கடக்கும் ஓடை எது, ஊரில் மெய்யாகவே வேலி தேவைப்படும் நூறு மீட்டர் எது என்பது அதிலேயே தெரிந்துவிடும். இழப்பீட்டு மனுவோடு வைப்பதற்கும் அதன் நகல் உதவும். வனச்சரகர் மாறிப் புதியவர் வரும்போது முதல் வேலையாக அவர் மேசையில் கொண்டுபோய் வைப்பதற்கும்.